பூதத்துக்கு யார் மணி கட்டுவது?

கம்ப்யூட்டருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ரேடியோவைக் கட்டி மேய்க்கும் கலை

உல்லாஸ்நகரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கல்யாணுக்கு அருகே, 1965ஆம் ஆண்டில் ஆறடி விட்டமுள்ள 32 தட்டுகள் வானத்தைப் பார்த்து நின்றன. ஆஸ்திரேலியாவில் ஒரு முறை பயன்பட்டு, இந்தியாவுக்கு நன்கொடையாக வந்த தட்டுகள் அவை. டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கோவிந்த் ஸ்வரூப் அவற்றை வரிசையாக நிறுத்தி, சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளை 610 மெகாஹெர்ட்ஸில் கேட்டார். இந்தியாவின் ரேடியோ வானியல் நம் பக்கத்து ஊரில்தான் இப்படி நடை பழகியது. தினமும் கல்யாண் ஜங்ஷனில் இறங்கி ஏறும் நம்மவர்களில் பலருக்கு இந்தச் செய்தி தெரியாது.

அதே கோவிந்த் ஸ்வரூப்தான் 1970இல் ஊட்டி முத்தோரை மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தவர். அதன் பிறகு, புணேக்கு வடக்கே நாராயண்காவ் பக்கத்தில் கோடத் என்ற கிராமத்தைச் சுற்றி, ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட ஜி.எம்.ஆர்.டி. என்னும் ராட்சதத் தொலைநோக்கியை உருவாக்கினார். முப்பது தட்டுகளும் கேட்பதை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போடும் வேலைக்கு முதலில் தனியாக வடிவமைத்த மின்னணுச் சாதனங்கள் இருந்தன. 2010ஐ ஒட்டி அந்த வேலையைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கம்ப்யூட்டர்களின் கூட்டத்திடம் ஒப்படைத்தார்கள். சாதனம் செய்த வேலையை ஸாஃப்ட்வேர் செய்ய ஆரம்பித்தது.

இன்று அதே தத்துவம் சில ஆயிரம் ரூபாயில் நம் வீட்டு மேஜைக்கும் வந்துவிட்டது. சங்கத்து இளைஞர்கள் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். வாங்குவதும் பொருத்துவதும் அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறது. ஆளில்லாத வேளையில் அதை நம்பி விட்டுவைப்பதில்தான் சிக்கல். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ரேடியோ எங்கே போயிற்று?

பழைய மர்ஃபி, பிலிப்ஸ் பெட்டிகளைத் திறந்தால் காயில், கண்டென்ஸர், வால்வு என்று எல்லாம் கண்ணுக்குத் தெரியும். குமிழைத் திருப்பினால் கண்டென்ஸரின் தகடுகள் நகரும், ஸ்டேஷன் மாறும். 1990களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஜோசப் மிட்டோலா என்பவர் 'ஸாஃப்ட்வேர் ரேடியோ' என்ற கருத்தை எழுதி வைத்தார். ஆன்டெனாவில் வரும் அலையைக் கூடிய சீக்கிரம் எண்களாக மாற்றிவிடு, மீதி வேலையைக் கணக்கு பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் சாரம்.

அந்தக் கருத்து ஏழை வீட்டுக்கு வந்தது 2012இல். கம்ப்யூட்டரில் டி.வி. பார்ப்பதற்காக விற்ற கட்டைவிரல் அளவு யு.எஸ்.பி. துண்டு ஒன்றில், ரியல்டெக் கம்பெனியின் ஆர்.டி.எல். 2832யு என்ற சில்லு இருந்தது. டி.வி.யை மறந்துவிட்டு, வருகிற அலையை அப்படியே எண்களாகக் கொடு என்று கேட்டால் அது கொடுக்கும் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். ஏறத்தாழ 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் அதைத் திருப்பலாம். விநாடிக்கு 24 லட்சம் தடவை அது அலையை அளக்கும். ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு பைட். அப்படியானால் விநாடிக்கு 48 லட்சம் பைட். அதை அப்படியே சேமித்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் 1,728 கோடி பைட், ஒரு நாளில் சுமார் 415 ஜிகாபைட் ஆகும். ஆகவே வருகிற வெள்ளத்தை அப்போதைக்கப்போதே வடிகட்டி, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட ஒரு புரோகிராம் இடைவிடாது ஓட வேண்டும்.

இடைவிடாது என்றால், நாம் தூங்கும்போதும், ஆபீஸ் போயிருக்கும்போதும், ஊருக்குப் போயிருக்கும்போதும்.

பூதம் வந்த கதை

திரையில் ஜன்னல் எதையும் காட்டாமல் பின்னால் ஓடும் புரோகிராமுக்கு, யூனிக்ஸ் உலகத்தில் 'டீமன்' என்று பெயர். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேலை செய்தவர்கள், இயற்பியல் மேதை மேக்ஸ்வெல் கற்பனை செய்த குட்டிப் பூதத்தை நினைத்து வைத்த பெயர் இது. நமக்குப் பூதம் புதிதல்ல. பாட்டி சொன்ன கதையில் ஒருவன் மந்திரம் ஜபித்துப் பூதத்தை வரவழைப்பான். அது சொன்ன வேலையைச் செய்யும். வேலை கொடுக்காவிட்டால் ஆளையே விழுங்கிவிடும். கடைசியில் அவன் நாய் வாலைக் கொடுத்து நிமிர்த்தச் சொல்லித் தப்பித்தான்.

கம்ப்யூட்டர் பூதத்தின் குணம் வேறு. அது எஜமானனை விழுங்காது. ஆனால் வேலை நின்று போனாலும் செய்துகொண்டிருப்பதாகவே பாவனை காட்டும். அதுதான் அதைவிட ஆபத்து. எனவே பூதத்துக்கு மணி கட்ட வேண்டியிருக்கிறது. மணி என்றால் நான்கு விஷயம்: துவக்குவது, நிறுத்துவது, பேசுவது, கண்காணிப்பது. ரயில்வேயில் காலம் கழித்தவனுக்கு ரயில்வே உதாரணம்தான் வாயில் வரும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

ஒரு பந்து, ஒரு ரயில்

ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் வந்துவிடக் கூடாது. அதற்காக நீல்ஸ் பால் டோக்கன் என்ற கருவி இருந்தது. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு பெட்டியிலிருந்து ஓர் இரும்புப் பந்து வெளியே வந்துவிட்டால், அது மறுபடி உள்ளே போகும்வரை இரண்டு பெட்டிகளிலும் அடுத்த பந்து வராது. கையில் பந்து இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார்.

நம் யு.எஸ்.பி. துண்டும் ஒற்றைப் பாதைதான். ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் அதைப் பிடித்துக்கொள்ள முடியும். பின்னால் ஒன்று ஓடிக்கொண்டிருப்பதை மறந்து இன்னொன்றைத் துவக்கினால், சாதனம் கிடைக்கவில்லை என்று இரண்டாவது முறையிடும். துண்டு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்று வாங்கியவர்களும் உண்டு. லினக்ஸில் இன்னொரு வேடிக்கை: துண்டைச் செருகியதும், டி.வி. பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, லினக்ஸின் டி.வி. டிரைவரே முந்திக்கொண்டு அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த டிரைவரைத் தடைப் பட்டியலில் சேர்ப்பது முதல் வேலை.

அடுத்தது, துவக்குவதைக் கையால் செய்யாமல் ஒரு மேற்பார்வையாளரிடம் ஒப்படைப்பது. இன்றைய லினக்ஸில் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வது 2010இல் வந்த 'சிஸ்டம்-டி'. ஒரு சிறிய சீட்டில், எந்த புரோகிராம், யார் பெயரில் ஓட வேண்டும், விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தால், கரண்ட் போய் வந்தாலும் அதுவே துவக்கிக்கொள்ளும்.

இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். விழுந்தால் மறுபடி துவக்கு என்று மட்டும் எழுதினால் போதாது. வேறு எதுவும் சொல்லாவிட்டால், சிஸ்டம்-டி ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பொறுத்துவிட்டு மறுபடி துவக்கும். பத்து விநாடிக்குள் ஐந்து முறை துவக்கியும் நிற்காவிட்டால், இனி உன் பாடு என்று கைவிட்டுவிடும். நடுராத்திரியில் யு.எஸ்.பி. தொடர்பு சில விநாடிகள் விட்டுப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முயற்சியும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். தொடர்பு திரும்பி வரும்போது துவக்க ஆள் இருக்காது. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 விநாடி இடைவெளி என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் கணக்கில் மாட்டாமல் விடியும்வரை முயன்றுகொண்டே இருக்கும். ஒரே ஒரு வரிதான். ஆனால் ஒரு ராத்திரியைக் காப்பாற்றும் வரி.

நிறுத்துவதில் இரண்டு வகை

பூதத்தை நிறுத்த இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்றின் எண் 15: 'கையிலிருக்கும் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு' என்று பொருள். இன்னொன்றின் எண் 9: 'இந்த நிமிஷமே ஒழி' என்று பொருள். ஒன்பதைக் கேட்கக்கூட பூதத்துக்கு வாய்ப்பு இல்லை. ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போது ஒன்பதைப் பிரயோகித்தால், கோப்பின் தலைப்பில் நீளம் எழுதப்படாமல் போய், பல பிளேயர்கள் அதை ஏற்க மறுக்கும். கடைசியாகச் சேகரித்ததும் கோப்புக்கு வந்து சேராது. அவசரக்காரர்கள் எடுத்த எடுப்பில் ஒன்பதைப் போடுவார்கள். ஓடும் வண்டியில் சங்கிலியை இழுப்பதுபோல் அது. பதினைந்தைக் கொடுத்து, சில விநாடி பொறுத்து, பதில் இல்லாவிட்டால் மட்டுமே ஒன்பது. சிஸ்டம்-டியிடம் நிறுத்தச் சொன்னால் அது இந்த முறையையே கடைப்பிடிக்கும்.

பேசினால் பதில் வர வேண்டும்

ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோவின் குமிழைத் திருப்புவது எப்படி? ஜன்னலும் இல்லை, குமிழும் இல்லை. அதற்காகப் பல புரோகிராம்கள் ஒரு நெட்வொர்க் வாசலைத் திறந்து வைத்திருக்கின்றன. ஆர்.டி.எல்.-டி.சி.பி. என்ற புரோகிராமின் வாசல் எண் 1234. அதற்குக் கட்டளை எப்போதும் ஐந்து பைட்தான். முதல் பைட் என்ன வேலை என்பது, மற்ற நான்கும் எவ்வளவு என்பது. ஒன்று என்றால் அலைவரிசை மாற்று, இரண்டு என்றால் அளக்கும் வேகம் மாற்று, இப்படி. தந்திக்காரர் காலத்துச் சிக்கனம்!

ஜி.கியூ.ஆர்.எக்ஸ். என்ற பிரபலமான புரோகிராம் ஜன்னலோடு ஓடுவது. ஆனாலும் தூரத்திலிருந்து கட்டளை ஏற்கச் சொன்னால் ஏற்கும். அதன் வாசல் எண் 7356. அங்கே ஆங்கிலப் பெரிய எழுத்து 'எஃப்' போட்டு 100700000 என்று எழுதினால், 100.7 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது மும்பை எஃப்.எம். கோல்டுக்குத் திரும்பும். சின்ன எழுத்து 'எஃப்' போட்டால், இப்போது எங்கே இருக்கிறாய் என்ற கேள்வி. எண்ணைப் பதிலாகத் தரும். பெரிய எழுத்து உத்தரவு, சின்ன எழுத்து விசாரணை. இந்த இரண்டையும் பிரித்து வைத்தவர் விஷயம் தெரிந்தவர்.

ஏனென்றால், சிக்னல் கேபினில் லிவரை இழுத்துவிட்டாலே தூரத்தில் கைகாட்டி இறங்கிவிட்டது என்று ஆகிவிடாது. நடுவில் கம்பி அறுந்திருக்கலாம். அதனால்தான் கைகாட்டி உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்று கேபினிலேயே காட்டும் ரிபீட்டர் வைத்தார்கள். உத்தரவு கொடுத்தபின் விசாரித்துத் தெரிந்துகொள்வது சந்தேகப் புத்தி ஆகாது. அது தொழில் தர்மம்.

இந்த வாசல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நான் சொன்ன இரண்டும் கடவுச் சொல் கேட்பதில்லை. தன் கம்ப்யூட்டருக்குள் மட்டும் திறந்திருக்கும்படி வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வர வேண்டுமானால் எஸ்.எஸ்.எச். என்ற பாதுகாப்பான வழியாக வர வேண்டும். இல்லாவிட்டால் வைஃபை கிடைத்த எவரும் உங்கள் ரேடியோவைத் திருப்புவார்.

ஓடுவது வேறு, கேட்பது வேறு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மேற்பார்வையாளரைக் கேட்டால், பூதம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பச்சை எழுத்தில் சொல்லும். அது பொய்யல்ல. புரோகிராம் உயிரோடுதான் இருக்கிறது. ஆனால் மே மாதச் சூட்டில் யு.எஸ்.பி. துண்டு மயங்கிக் கிடக்கலாம். மின்சாரம் போதாமல் எண்கள் வருவது நின்றிருக்கலாம். காக்கை உட்கார்ந்து ஆன்டெனா வயர் கழன்றிருக்கலாம். பூதம் வராத எண்களுக்காக வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். ஓடுகிறது, கேட்கவில்லை.

ரயில் என்ஜினில் டிரைவர் விழிப்போடு இருக்கிறாரா என்று பார்க்க விஜிலென்ஸ் கருவி உண்டு. சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒரு முறையாவது அவர் ஏதாவது ஒரு கட்டுப்பாட்டை இயக்க வேண்டும், அல்லது அதற்கான பொத்தானை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் விளக்கு மின்னும், பிறகு ஒலி எழும், அதற்கும் அசையாவிட்டால் பிரேக் தானாகவே விழும். சிஸ்டம்-டியிலும் இதே போன்ற 'வாட்ச்டாக்' ஏற்பாடு இருக்கிறது. இத்தனை விநாடிக்கு ஒரு முறை நான் நலம் என்று புரோகிராம் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால் அதை நிறுத்தி, சீட்டில் எழுதியிருந்தால் மறுபடி துவக்கும்.

ஆனால் நான் நலம் என்பதை எந்த இடத்திலிருந்து சொல்ல வைக்கிறோம் என்பதில்தான் இன்ஜினீயரிங் இருக்கிறது. கடிகாரத்தை வைத்து பத்து விநாடிக்கு ஒரு தரம் சொல் என்று எழுதினால், ஆன்டெனாவிலிருந்து ஒன்றும் வராவிட்டாலும் அது சொல்லிக்கொண்டே இருக்கும். டிரைவர் காலால் மிதிக்க வேண்டிய பெடல்மேல் செங்கல்லைத் தூக்கி வைத்த கதைதான். புதிய எண்கள் வந்து, அவற்றைக் கணக்குப் போட்டு முடித்த இடத்தில் மட்டுமே அந்த ஒரு வரி இருக்க வேண்டும்.

புரோகிராமைத் திருத்தத் தெரியாதவர்களுக்கும் வழி உண்டு. நிமிடத்துக்கு ஒரு முறை பதிவுக் கோப்பின் நீளத்தைப் பார்க்கச் சொல்லி ஐந்து வரியில் ஒரு சிறு காவலனை எழுதலாம். நீளம் வளரவில்லை என்றால் பூதம் தூங்குகிறது. அதற்கும் மேலே, நாளுக்குச் சில முறை தெரிந்த ஒரு ஸ்டேஷனுக்குத் திருப்பி, அதன் பலத்தை அளந்து எழுதி வைக்கலாம். வழக்கமாக ஓங்கி ஒலிக்கும் உள்ளூர் எஃப்.எம். திடீரென்று மெலிந்துவிட்டால், கோளாறு வானத்தில் இல்லை, நம் மாடியில் இருக்கிறது. அந்தச் சில விநாடி நம் முக்கிய வேலை தடைப்படும்; ஆனால் மற்ற நேரமெல்லாம் கிடைத்தது உண்மை என்ற நிச்சயம் கிடைக்கும்.

மௌனமும் ஒரு செய்தி

இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். காற்றில் வருவது ஒரு தரம்தான் வரும் என்பதற்காக. நோவா 15, 18, 19 என்ற மூன்று அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேலே போகும்போது, 137 மெகாஹெர்ட்ஸில் மேகப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தன. உலகெங்கும் மாணவர்களுக்கு அவைதான் முதல் பாடம். 2025 ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் மூன்றையும் நிறுத்திவிட்டார்கள். கடைசி நாட்களில் யாருடைய பூதம் தூங்கியதோ அவருக்கு அந்தப் படம் இனி எந்த விலைக்கும் கிடைக்காது.

இதைவிடப் பெரிய உதாரணம் நம் கோடத்திலேயே நடந்தது. 2016 அக்டோபர் 19ஆம் தேதி ஐரோப்பியர்களின் ஷியாபரெல்லி கலம் செவ்வாயில் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் மெல்லிய ரேடியோ ஒலியை, அத்தனை கோடி கிலோமீட்டருக்கு அப்பால், ஜி.எம்.ஆர்.டி. நேரடியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. தரை தொட வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்பு ஒலி நின்றது. நின்றது அங்கேயா, இங்கேயா? வாங்கும் கருவியில் நம்பிக்கை இல்லாதவர்கள் அங்கே இருந்திருந்தால், அந்த மௌனத்துக்கு அர்த்தமே இருந்திருக்காது. செவ்வாயைச் சுற்றிக்கொண்டிருந்த இன்னொரு கலத்தின் பதிவும் அதையே காட்டியது. கலம் மோதி நொறுங்கிவிட்டது என்பது பின்னர் உறுதியாயிற்று. கேட்கும் கருவியைப் பற்றி உறுதி இருந்தால், கேட்காமல் போனதும் ஒரு செய்தி.

நமக்கு இது செவ்வாய் விஷயம் மட்டும் இல்லை. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது உல்லாஸ் நதிக்கரை ஊர்கள் பட்ட பாட்டை மறந்திருக்க மாட்டோம். 2019 ஜூலை 27ஆம் தேதி பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் நடுவே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் நின்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை மீட்க வேண்டி வந்தது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, வேறு காரியமாக போர்ட் பிளேரில் ரேடியோவோடு இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம் பெண்மணியும் அவர் குழுவினரும் அந்தமானின் செய்திகளை வெளியுலகுக்குச் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட நாளில் கேட்கும் கருவியைச் சோதிக்க அவகாசம் இருக்காது. சும்மா இருக்கும் நாட்களில் சோதித்து வைத்ததுதான் அன்று கைகொடுக்கும்.

முயல விரும்புவோருக்கு

ஒரு பழைய கம்ப்யூட்டரோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னப் பலகையோ போதும். நல்ல மின் அடாப்டர் வாங்குங்கள். மர்மமான கோளாறுகளில் பல அதில்தான் தீரும். யு.எஸ்.பி. துண்டை நேராகச் செருகாமல் ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டினால் சூடும் குறையும், கம்ப்யூட்டரின் இரைச்சலும் குறையும். பதிவுகள் டிஸ்கை நிரப்பிவிடாதபடி, இத்தனை நாளைக்கு மேற்பட்டவற்றை அழி என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். எல்லாம் முடிந்தபின் ஒரு நாள் வேண்டுமென்றே ஆன்டெனாவைக் கழற்றுங்கள், துண்டைப் பிடுங்குங்கள், கரண்டை நிறுத்துங்கள். ஒவ்வொன்றுக்கும் காவலன் குரல் கொடுக்கிறானா என்று பாருங்கள். குரல் கொடுக்காத காவலனுக்குச் சம்பளம் தண்டம்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. வானொலி ஒலிபரப்பையும் ஹாம்களின் உரையாடலையும் கேட்டுப் பழகுங்கள். நமக்கென்று அனுப்பாத பிறர் செய்தியை இடைமறிப்பது குற்றம். போலீஸ் பேச்சைக் கேட்கும் ஆசை வேண்டாம். திருப்பிப் பேசவும் ஆசை வந்தால், தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு நடத்தும் தேர்வு எழுதி ஹாம் லைசென்ஸ் வாங்கலாம். பன்னிரண்டு வயதானால் போதும்.

விடுமுறையில் பிள்ளைகள் கையில் வேறு விளையாட்டைக் கொடுப்பதற்குப் பதில் இதைக் கொடுத்துப் பாருங்கள். பூனைக்கு மணி கட்ட எலிகளில் ஒன்றும் முன்வரவில்லை. இந்தப் பூதத்துக்கு மணி கட்ட, எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஆன்டெனாவைப் பிடித்துக்கொள்ள ஒரு தாத்தாவும் இருந்தால் போதும்.